எண்ணெய்க் கறை பட்ட புத்தகம்

(பட்டிமன்றத் தலைப்பு: வழிகாட்டி நூல்களால் பெரிதும் வாழ்வு பெறுபவர் எழுதியவரா? படித்தவரா? - 'படித்தவரே' என்னும் அணியில் பேசியது)

     

எனக்கு முன்னாலே பேசிய அம்மா ஒரு போடு போட்டாங்க. "பணக்காரர் ஆவது எப்படின்னு ஒரு புத்தகம். படிச்சவன் ஆகலை. எழுதினவன் ஆயிட்டான். புத்தகத்தோட பேரு பொய்யில்லை. யாரு ஆவாங்கங்கிறதைத்தான் அட்டையிலே போடலை"ன்னாங்க. (சிரிப்பு, கைதட்டல்) நானும் கைதட்டினேன். எதிரணிக்குக் கைதட்டக் கூடாதுன்னு எங்கேயும் விதி இல்லையே! ஆனா கைதட்டு வேற, தீர்ப்பு வேற. நடுவர் அவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

ரெண்டு விதமான வழிகாட்டி நூல் இருக்குங்க. ஒண்ணு, "நீ முன்னேறு, முன்னேறு"ன்னு முதுகிலே தட்டிக்கிட்டே இருக்கிற நூல். இன்னொண்ணு, "இந்த நட்டை இப்படித் திருகு, இந்தப் புளியை இவ்வளவு கரை, இந்த மனுவிலே இந்த இடத்திலே கையெழுத்துப் போடு"ன்னு செய்முறை சொல்லுகிற நூல். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு வழக்கு. நான் ரெண்டு விதத்திலும் ஆளுக்கு ஒண்ணு எழுதியவன். அதனாலே வாதியும் நான்தான், பிரதிவாதியும் நான்தான், சாட்சியும் நான்தான். (சிரிப்பு)

முதலிலே எதிரணி கொண்டுவந்த சாட்சியை விசாரிப்போம். டேல் கார்னகி. "நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படின்னு 1936-லே ஒரு புத்தகம் போட்டார், கோடீஸ்வரர் ஆனார்"னு சொன்னாங்க. உண்மைதான். முதலிலே 5,000 பிரதி போட்ட புத்தகம் பிறகு லட்சக்கணக்கிலே ஓடியது. ஆனா அதுக்கு முன்னாலே அந்த மனுஷர் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்? அதைச் சொல்லாம விட்டுட்டாங்களே!

1912-லே நியூயார்க்கிலே ஒய்.எம்.சி.ஏ.-யிலே இரவுப் பள்ளி ஆசிரியர் அவர். மேடையிலே பேசுவது எப்படின்னு பாடம். ஓர் இரவுக்கு ரெண்டு டாலர் கேட்டார். அதைக்கூடச் சம்பளமாத் தர மறுத்துட்டாங்க. வசூலிலே பங்குதான். வகுப்புக்கு வந்தவர்கள் யார்? பகல் முழுக்க உழைச்சுக் களைச்ச விற்பனையாளர்கள், குமாஸ்தாக்கள். பாடம் உதவலைன்னா மறுநாள் வரமாட்டாங்க. மறுநாள் வரலைன்னா வாத்தியாருக்குச் சோறு இல்லை. (சிரிப்பு) எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாதுங்க. மாணவன் தூங்கினாலும் மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும்! (பலத்த சிரிப்பு)

அந்த வகுப்புக்காக முதலிலே சில விதிகளை ஒரு சின்ன அட்டையிலே அச்சடிச்சார். அஞ்சலட்டை அளவுதான். அடுத்த முறை கொஞ்சம் பெரிய அட்டை. அப்புறம் ஒரு துண்டுப் பிரசுரம். அப்புறம் சின்னச் சின்ன நூல்கள். அத்தனைக்கும் பிறகுதான் அந்தப் புத்தகம். அவரே முன்னுரையிலே இதைச் சொல்கிறார். இதுக்கு இடையிலே ஒரு நாவலும் எழுதிப் பார்த்தார். பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிட்டாங்க. சொந்தக் கற்பனையிலே எழுதினது நிக்கலை, மாணவன்கிட்டே பழுது பார்த்துப் பார்த்து எழுதினது நின்னுது. அப்போ முதலிலே வாழ்ந்தது யாரு? அந்த இரவுப் பள்ளி மாணவன்தானே! (கைதட்டல்)

இன்னும் கொஞ்சம் பின்னாலே போவோம். இந்த வகைப் புத்தகத்துக்கே 'சுய உதவி'ங்கிற பேரைப் பரப்பியவர் சாமுவேல் ஸ்மைல்ஸ். ஸ்காட்லாந்துக்காரர். வைத்தியம் படிச்சவர். இங்கிலாந்திலே லீட்ஸ் என்று ஒரு தொழில் நகரம். அங்கே ரெண்டு மூணு ஏழைப் பையன்கள் சேர்ந்து, குளிர்கால இரவுகளிலே உனக்குத் தெரிஞ்சதை நீ எனக்குச் சொல்லு, எனக்குத் தெரிஞ்சதை நான் உனக்குச் சொல்றேன்னு படிக்க ஆரம்பிச்சாங்க. கூட்டம் பெருகிப் போச்சு. இடம் இல்லை. முன்னாலே காலரா ஆஸ்பத்திரியா இருந்து, வாடகைக்கு எடுக்க ஆள் வராம கிடந்த ஒரு பெரிய கூடத்தைப் பிடிச்சாங்க. பயப்படலை. காலராவைவிட அறியாமைக்குத்தான் பயந்தாங்க. (கைதட்டல்)

அந்தப் பையன்கள் கூப்பிட்டு, 1845-லே போய் அவர்களிடம் பேசினார் ஸ்மைல்ஸ். பேசிவிட்டு மறந்தும் போனார். சில வருஷம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், வார்ப்பட ஆலையிலிருந்து நேரே வந்த கோலத்திலே ஒருவர் அவரைத் தேடி வந்தார். "ஐயா, நான் அந்தக் கூட்டத்திலே உட்கார்ந்து கேட்டவன். இப்போ நாலு பேருக்கு வேலை கொடுக்கிற நிலையிலே இருக்கேன். நீங்க சொன்ன வார்த்தைதான் காரணம்" என்ற பொருளிலே நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதுக்கப்புறம்தான் ஸ்மைல்ஸ் பழைய குறிப்புகளை எடுத்துப் புத்தகமாக விரிக்கிறார். 1855-லே ஒரு பதிப்பகம் வேண்டாம்னு சொல்லிருச்சு. 1859-லேதான் அச்சாச்சு. முதல் வருஷமே 20,000 பிரதி.

நடுவர் அவர்களே, வரிசையைக் கவனிக்கணும். முதலிலே முன்னேறியது யாரு? கேட்டவன். அவன் வந்து சொன்ன பிறகுதான் புத்தகம். அதுக்கப்புறம்தான் எழுதியவருக்குப் புகழும் பணமும். எதிரணி வண்டியை மாட்டுக்கு முன்னாலே கட்டுறாங்க! (கைதட்டல்)

அந்தப் புத்தகம் 1871-லே ஜப்பானிய மொழியிலே வந்தது. அதைப் படித்தவர்களிலே டொயோடா சக்கிச்சி என்று ஒரு தச்சர் மகன். தறியைத் திருத்திக் காட்டணும்னு அவருக்கு ஒரு பிடிவாதம். ராத்திரி பகலாப் பாடுபட்டு ஒரு மரத்தறியை உருவாக்கி 1891-லே காப்புரிமை வாங்கினார். பின்னாலே அவர் குடும்பத்துத் தொழிலிலே இருந்துதான் டொயோடா கார் வந்தது. சொல்லுங்க, எழுதிய ஸ்மைல்ஸ் பெரிசா வாழ்ந்தாரா, படிச்ச தச்சர் மகன் பெரிசா வாழ்ந்தாரா?

சரி, வெளிநாட்டுக் கதை போதும். நம்ம மண்ணுக்கு வருவோம். 1908-ஆம் ஆண்டு ஒருவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர். கோவைச் சிறையிலே மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிலே பூட்டினார்கள். நம்ம வ.உ.சிதம்பரனார்! (கைதட்டல்) அந்தச் சிறையிலே இருந்துகொண்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903-லே எழுதிய ஒரு சின்னத் தன்னம்பிக்கை நூலைத் தமிழாக்கினார். 'மனம் போல வாழ்வு'. 1909-லே வந்தது. பிறகு 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' என்று அதே ஆசிரியரின் நூல்களை ஒவ்வொன்றாகத் தந்தார்.

யோசிச்சுப் பாருங்க. ஆங்கிலேயன் பூட்டி வெச்சிருக்கான். உள்ளே இருந்துகொண்டு ஓர் ஆங்கிலேயர் எழுதிய நல்ல கருத்தை எடுத்துத் தமிழனுக்குக் கொடுக்கிறார். இதிலே எழுதியவர் என்ன வாழ்வு பெற்றார்? 1912-லே விடுதலையாகி வந்தபோது வக்கீல் சன்னது இல்லை. கப்பல் இல்லை. கையிலே காசு இல்லை. வறுமையிலேதான் காலம் தள்ளினார். ஆனா நம்மைப் போல் படிக்கிறவனுக்கு, "நீ நிமிர்ந்து நில்"னு சொல்ற நூல்கள் கிடைச்சுது. எழுதியவர் செக்கிழுத்தார், எண்ணெய் நமக்கு வந்தது. (பலத்த கைதட்டல்)

இப்போ என் கதைக்கு வர்றேன். என் வீட்டுக்காரம்மா முன்வரிசையிலே உட்கார்ந்திருக்காங்க. பொய் சொல்ல முடியாது. (சிரிப்பு)

முனைவர் பட்டம் வாங்கின புதுசு. 2001-ஆம் ஆண்டு. சங்க இலக்கியத்திலே ஆராய்ச்சி. பேருக்கு முன்னாலே முனைவர்னு போட்டதும் எனக்கு உலகத்துக்கே வழிகாட்டலாம்னு ஒரு நினைப்பு வந்துருச்சு. தன்னம்பிக்கைப் புத்தகம் ஒண்ணு எழுதினேன். எத்தனை நாளிலே? பதினெட்டு நாள். மகாபாரதப் போரே பதினெட்டு நாள்தானே! (சிரிப்பு) பேரைச் சொல்ல மாட்டேன். நீங்க தேடிப் படிச்சுரக் கூடாது.

160 பக்கம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்னு அச்சுக்கூடத்திலே கணக்கு. பத்து ஃபாரம். 1,200 பிரதி. "காசு நீங்க போடுங்க, பேரு எங்க பதிப்பகத்தோடது, வித்துத் தர்றோம்"னு ஒருத்தர் சொன்னார். பணத்துக்கு எங்கே போக? வீட்டிலே ரெண்டு வளையலும் ஒரு சங்கிலியும் இருந்தது. அது அடகுக் கடைக்குப் போச்சு. புத்தகம் வீட்டுக்கு வந்துச்சு. கட்டிலுக்கு அடியிலே, பரண் மேலே, அரிசிப் பானைக்குப் பக்கத்திலே, எங்கே பார்த்தாலும் வெற்றி, வெற்றி, வெற்றி! (சிரிப்பு) என் வீட்டுக்காரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஏங்க, இதிலே அடகு நகையை மீட்பது எப்படின்னு ஒரு அத்தியாயம் இருக்கா?" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் அவர்களே, எழுதியவன் வாழ்கிறான் என்றீர்களே, எங்க வீட்டு வளையலைக் கேட்டுப் பாருங்க!

இதுவரைக்கும் சிரிச்சோம். இனிமே சொல்லப் போறது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்தப் புத்தகத்தை என் வகுப்பு மாணவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். ஒரு நாள் ஒரு பையன் துறைக்கு வந்து நின்னான். கையிலே என் புத்தகம். ஒரு வரிக்குக் கீழே பென்சிலாலே கோடு போட்டிருந்தான். "வறுமை உன் பையில் இல்லை, உன் மனத்தில்தான் இருக்கிறது." நான் எழுதின வரி. எழுதும்போது எனக்கே கைதட்டத் தோணின வரி.

அந்தப் பையன் சொன்னான்: "ஐயா, இதைப் படிச்சுட்டு மனசை மாத்திக்கிட்டேன்யா. ஆனா எங்கப்பா சட்டைப் பையையும் பார்த்தேன்யா. அங்கேயும் வறுமைதான்யா இருக்கு. விடியக்காலையிலே நாலு மணிக்கு எழுந்து படிக்கச் சொல்லியிருக்கீங்க. நாலு மணிக்கு எங்கம்மாகூடப் பூ மார்க்கெட்டுக்குப் போகணும்யா. ராத்திரி படிக்கலாம்னா வீட்டிலே இன்னும் கரண்டு இல்லையா. இந்தப் பரீட்சையிலே ரெண்டு பேப்பர் போயிருச்சு. அப்போ தப்பு என் மனசுலேதானாய்யா?"

என்ன பதில் சொல்வேன்? முனைவர் பட்டம் வாங்கின நாக்கு மேலே ஒட்டிக்கிச்சு. அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது என் ஊக்கம் இல்லைங்க. கல்வி உதவித்தொகைக்கு எந்தப் படிவம், எந்தத் தேதிக்குள்ளே, யாரிடம் கொடுக்கணும், கூட எந்தெந்தச் சான்றிதழ் வைக்கணும்னு ஒரே ஒரு பக்கம். அது என் 160 பக்கத்திலே எங்கேயும் இல்லை. ஏற்கெனவே சுமை தூக்கிக்கிட்டு நிக்கிறவன் தலையிலே, "நீ ஏழையா இருக்கிறதும் உன் தப்புதான்"னு இன்னொரு மூட்டையை ஏத்தி வெச்சுட்டேன். அன்னைக்கு அவனோடேயே போய் அந்தப் படிவத்தை வாங்கி, ரெண்டு பேரும் உட்கார்ந்து நிரப்பினோம். அதை நிரப்ப எனக்கும் தெரியலைங்கிறது வேற விஷயம். (சிரிப்பு)

மிச்சம் இருந்த பிரதிகளைப் பழைய பேப்பர் கடையிலே எடைக்குப் போட்டேன். ஒரு மாசம் கழிச்சு பேருந்து நிலையத்திலே ரெண்டு பஜ்ஜி வாங்கினேன். மடிச்சுக் கொடுத்த தாளிலே என் புகைப்படம்! எண்ணெயிலே ஊறி, என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். (பலத்த சிரிப்பு) அன்னைக்குத்தான் நினைச்சேன், புத்தகத்துக்கு எண்ணெய்க் கறை ரெண்டு விதமாப் படும்னு.

இன்னொரு விதம் எது? 1951-ஆம் ஆண்டு, எஸ்.மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்று ஒரு நூல் வெளியிட்டார்கள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவிலே யாருக்கு என்ன சமையல் சந்தேகம் வந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். கேட்டுக் கேட்டுக் கடிதம் எழுதி மாளாமல் வந்த புத்தகம் அது. அந்தக் காலத்திலே ஒரு விதவைப் பெண் சமையலைப் புத்தகமாகப் போடுறாங்கன்னா, "அம்மா சொல்லித்தராததையா அச்சுப் புத்தகம் சொல்லப் போகுது"ன்னு கேட்க எத்தனை வாய் இருந்திருக்கும்! ஆனா கல்யாணமாகித் தில்லிக்கும் பம்பாய்க்கும் போன பெண்ணுக்குப் பக்கத்திலே அம்மா இல்லையே. அந்தப் புத்தகம்தானே இருந்தது! அந்த அம்மையார் 1962-லே மறைந்துவிட்டார். புத்தகம் இன்னும் அச்சிலே இருக்கு.

அந்தப் புத்தகம் இருக்கிற வீட்டிலே போய்ப் பாருங்க. சாம்பார்ப் பக்கத்திலே மஞ்சள் கறை இருக்கும். ஊறுகாய்ப் பக்கத்திலே எண்ணெய்க் கறை இருக்கும். அட்டை பிஞ்சிருக்கும். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது"ன்னு பழமொழி சொல்வோம். கறிக்கு உதவின ஏடும் இருக்குங்க! அதுக்கு அடையாளம் இந்தக் கறைதான். (கைதட்டல்)

இதை எனக்குப் புரிய வெச்சது எங்க கல்லூரியிலே பெருக்குகிற வேலை பார்த்த ஓர் அம்மா. அவங்க வீட்டுக்காரர் ஓர் அலுவலகத்திலே இரவுக் காவலர். இறந்து ரெண்டு வருஷம் ஆகியும் குடும்ப ஓய்வூதியம் வரலை. காரணம் என்ன? பணிப் பதிவேட்டிலே இந்த அம்மா பேருக்குப் பின்னாலே 'அம்மாள்'னு இருக்கு. ரேஷன் கார்டிலே 'அம்மாள்' இல்லை. அவ்வளவுதான். அந்த நாலு எழுத்துக்காக ரெண்டு வருஷம் ஒரு குடும்பம் பட்டினி. "ஐயா, நீங்க புக்கெல்லாம் எழுதுறவராமே, எனக்கு ஒரு மனு எழுதித் தாங்க"ன்னு கேட்டாங்க.

எழுதினேன். என் புலமையெல்லாம் காட்டி எழுதினேன். மூணு பக்கம். "கணவனை இழந்த காரிகையின் கண்ணீர்"னு ஆரம்பிச்சேன். (சிரிப்பு) போன வேகத்திலே திரும்பி வந்துட்டாங்க. "ஐயா, அந்த கிளார்க்கு ரெண்டு தடவை படிச்சாரு. கண்ணு கலங்கிருச்சு. ஆனா இதிலே என்னம்மா கேக்குறீங்கன்னு கேட்டாருய்யா." (பலத்த சிரிப்பு)

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து வாசலிலே வேப்பமரத்தடியிலே ஒரு பெரியவர் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். அந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டு அவரிடம் போனேன். என் மூணு பக்கத்தை வாங்கிப் படிச்சார். கண்ணாடியைக் கழட்டினார். "யாரு எழுதினது?"ன்னார். "தெரிஞ்சவர் ஒருத்தர்"னேன். (சிரிப்பு) "நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா பாவம், அவருக்கு எழுதத் தெரியலை"ன்னார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அப்புறம் சொன்னார்: "சார், ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதான். ரெண்டாவது கோரிக்கைக்கு ரெண்டாவது மனு. பொருள்ங்கிற இடத்திலே ஒரே வரி. இதுக்கு முன்னாலே கடிதம் ஏதும் வந்திருந்தா பார்வைங்கிற இடத்திலே அதோட எண்ணும் தேதியும். அழுகை வேண்டாம். அழுதா படிக்கிறவர் அழுவாரு, கையெழுத்துப் போட மாட்டாரு. கடைசியிலே இணைப்பு என்னென்னன்னு நம்பர் போடுங்க. நகல் ஒண்ணு கையிலே வெச்சுக்கோங்க. கொடுத்ததுக்கு ரசீது வாங்காம படியிறங்காதீங்க." பத்து வரியிலே மனு எழுதினார். ரெண்டு பேரும் ஒருவரேன்னு வட்டாட்சியரிடம் சான்று கேட்டு ஒரு மனு, அந்தச் சான்றை இணைச்சு ஓய்வூதியம் கேட்டு ஒரு மனு. நாலு மாசத்திலே அந்த அம்மாவுக்கு ஓய்வூதியம் வந்துருச்சு. (கைதட்டல்)

நான் என்ன செஞ்சேன்? பல திங்கட்கிழமை விடுப்புப் போட்டுட்டு அந்தப் பெரியவர் பக்கத்திலே போய் உட்கார்ந்தேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பிறப்புச் சான்றிதழிலே பேர் திருத்தம், எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதிக்கிட்டேன். ஒரு நாள் அவரிடமே கேட்டேன்: "ஐயா, இதை நான் புத்தகமாப் போட்டா உங்க பிழைப்பு போயிடுமே?" அவர் சிரிச்சார். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் அவனே எழுதிக்கட்டும் சார். தெரியாதவன் எங்கிட்டே வரத்தானே செய்வான். கூட்டம் குறைஞ்சா அவனுக்கு இன்னும் பொறுமையா எழுதிக் கொடுப்பேன்." நான் படிச்ச எந்தத் தன்னம்பிக்கை நூலிலேயும் இப்படி ஒரு வாக்கியம் இல்லைங்க. (கைதட்டல்)

2004-லே அந்தப் புத்தகம் வந்தது. 48 பக்கம். மூணே ஃபாரம். அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாலே கையெழுத்துப் படியை அந்த அம்மாவோட மகள்கிட்டே கொடுத்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற பொண்ணு. "இதைப் பார்த்து நீயே ஒரு மனு எழுது. நான் பேச மாட்டேன்"னு எதிரே உட்கார்ந்தேன். எங்கெல்லாம் அந்தப் பொண்ணு பேனாவை நிறுத்துச்சோ, அங்கெல்லாம் என் வாக்கியம் தப்புன்னு அர்த்தம். பதினேழு இடத்திலே நிறுத்துச்சு. பதினேழையும் திருத்தினேன். மெய்ப்புத் திருத்த எனக்கு வாய்த்த மிகச் சிறந்த ஆள் அந்தப் பொண்ணுதான்.

வீட்டிலே எழுதத் துடிக்கிற அன்பர்கள் எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தையல் தெரிந்தவர், மாடித்தோட்டம் போடத் தெரிந்தவர், பழைய மோட்டாரைப் பிரித்து ஓட்டத் தெரிந்தவர். எழுதுங்க, கண்டிப்பா எழுதுங்க. ஆனா கையாலே பலமுறை செஞ்சு பார்க்காததை எழுதாதீங்க. 'தேவையான அளவு'ன்னு எழுதாதீங்க. தேவை தெரிஞ்சவன் உங்க புத்தகத்தை ஏன் வாங்குறான்? (சிரிப்பு) தெரியாத ஒருத்தர் கையிலே கொடுத்து, வாயை மூடிக்கிட்டுப் பக்கத்திலே இருந்து பாருங்க. நகையை அடகு வைக்காதீங்க. இன்னைக்கு ஐம்பது பிரதி, நூறு பிரதின்னு தேவைக்கு ஏற்ப அச்சடிச்சுக்கிற வசதி வந்துருச்சு. முதலிலே ஐம்பது போடுங்க. படிச்சவன் வந்து சொல்ற குறையைத் திருத்தி அடுத்த ஐம்பது போடுங்க.

இன்னொரு எச்சரிக்கை. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு. புத்தகம் வெளியிட்டவர் தன் செலவிலே கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, தில்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பணும். என் முதல் புத்தகத்தையும் அனுப்பியாச்சு. மற்றதையெல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். அந்தப் பிரதிகளை என்ன செய்ய? "வறுமை உன் மனத்தில்தான்"ங்கிற வரி என் பேரோட அங்கே இருக்கு. என்னாலே அழிக்க முடியாது. அதனாலே எழுதுறதுக்கு முன்னாலே யோசிங்க.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டாங்க. ஒரு நிமிஷம் நடுவர் அவர்களே, முடிச்சிடறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லே வந்தது. அதுக்கு மனு போடுவது எப்படின்னு சேர்த்து 2007-லே ரெண்டாம் பதிப்புப் போட்டேன். அந்தப் பிரதியைக் கொடுக்க அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வீட்டு வாசலிலே நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க. உள்ளே அந்தப் பொண்ணு ஒரு தாத்தாவுக்கு மனு எழுதிக்கிட்டிருக்கு. தெருவிலே யாருக்கு மனுன்னாலும் அந்தப் பொண்ணுதானாம். காசு வாங்குறதில்லையாம். சுவரிலே ஆணி அடிச்சு, பஞ்சாங்கம் தொங்கவிடுற மாதிரி, நூல் கட்டி என் பழைய புத்தகத்தைத் தொங்கவிட்டிருந்தாங்க. அடுப்புக்குப் பக்கத்திலே. ஓரமெல்லாம் மடங்கி, அட்டையிலே ஒரு பெரிய எண்ணெய்க் கறை.

"புதுப் புத்தகம் கொண்டாந்திருக்கேம்மா, பழசை நான் எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. "புதுசையும் குடுங்கய்யா. பழசு இருக்கட்டும். அதிலே எந்தப் பக்கத்திலே என்ன இருக்குன்னு பாப்பாவுக்குக் கைப்பழக்கமாயிருச்சு"ன்னாங்க.

நடுவர் அவர்களே, அந்தப் புத்தகத்திலே எனக்கு வந்த லாபம் அச்சுக் கூலிக்குச் சரியாப் போச்சு. வளையலை மீட்டது என் சம்பளத்திலே. எழுதினவன் நான், இருந்த இடத்திலேதான் இருக்கேன். படிச்ச பொண்ணு, ஒரு தெருவுக்கே எழுத்தாளர் ஆயிருச்சு! (பலத்த கைதட்டல்) ஆகவே வழிகாட்டி நூல்களால் பெரிதும் வாழ்வு பெறுபவர் படித்தவரே, படித்தவரே என்று தாங்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.